பழைய மோட்டார்சைக்கிள் டேங்க்கைப் புதுப்பிப்பது எப்படி: உள்துரு முதல் கிளியர் கோட் வரை

டேங்க்கைக் கழற்றி இரண்டு கையாலும் பிடித்து ஒரு முறை உலுக்குங்கள். உள்ளே மணல் புரள்வது போலச் சத்தம் கேட்டால் அது மணல் இல்லை, துரு. 1992-இல் பதிவான என் யமஹா ஆர்எக்ஸ்இசட்டின் டேங்க் கிலுகிலுப்பை மாதிரி ஒலித்தது. வெளியில் பெயிண்ட் மட்டும்தான் மங்கியிருந்தது. அதனால் முதல் தடவை நான் செய்த மடத்தனம், வெளியை மட்டும் தேய்த்து, கடையில் கிடைத்த சாதாரண ஸ்பிரே டப்பாவை அடித்து, அதன் மேல் சாதாரண கிளியரும் (நிறமில்லாத மேற்பூச்சு) அடித்து மாட்டியது. மூன்று மாதத்தில் கார்புரேட்டர் ஜெட் (பெட்ரோல் போகும் நுண்துளை) துருத்தூளால் அடைத்துக்கொண்டது. பெட்ரோல் நிரப்பும்போது மூடி ஓரத்தில் வழிந்த சில சொட்டில் பெயிண்ட் கொழகொழவென்று சுருங்கி உரிந்தது. கீழே இருப்பது நான் இரண்டாம் தடவை செய்த முறை.

ஆரம்பிக்கும் முன் ஒரு கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். 2003 ஜூலை 1-க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்களை 2028 ஜூன் 30-க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலையில் ஓட்ட முடியாது. பழமை வாகனத் திட்டங்களின்கீழ் பதிவானவற்றுக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. அவற்றில் ஒன்றான கிளாசிக் திட்டத்துக்கு வண்டிக்குக் குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். என் வண்டிக்கு 2027-இல் 35 முடிகிறது. உங்கள் வண்டியின் பதிவுத் தேதியைப் பார்த்துவிட்டு எவ்வளவு செலவு செய்வது என்று முடிவெடுங்கள். "ஓட்ட முடியாவிட்டாலும் பரவாயில்லை, அப்பா ஓட்டிய வண்டி" என்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை.

ஈரம்தான் முதல் எதிரி

இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. நம் ஊருக்கு அவை அப்படியே பொருந்தாது. சிங்கப்பூரில் ஆண்டுச் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். விடியற்காலையில் 90-ஐத் தாண்டும். மழையில்லாத நாளில் மதியம் 60 பக்கம் இறங்கும். தேய்த்த வெறும் இரும்பு இங்கே ஒரே இரவில் செம்மண் நிறத்துக்கு வந்துவிடும். கழுவிய டேங்க்கின் உட்புறம் நம் கண்முன்னே சில நிமிடத்தில் மஞ்சளாகும். பெயிண்ட் அடித்தால், கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரம் அதில் படிந்து, பால் ஊற்றியது போல வெளுக்கும்.

ஆகவே நேரத்தைத் திட்டமிடுங்கள். இரும்பைத் திறந்து வைக்கும் வேலையும் பெயிண்ட் வேலையும் காலை 11-லிருந்து மாலை 4 வரைதான். டிசம்பர், ஜனவரி மழைக்காலத்தில் டேங்க்கைத் தொடவே வேண்டாம். பிப்ரவரி வறண்ட நாள்கள் அருமையானவை. முக்கியமான இன்னொன்று: ஏர்கான் அறையில் வைத்திருந்த டேங்க்கை வெளியே கொண்டுவந்த உடனே பெயிண்ட் அடிக்காதீர்கள். குளிர்ந்த இரும்பில் கண்ணுக்குத் தெரியாத வியர்வை படியும். ஒரு மணி நேரமாவது வெளிக்காற்றில் இருக்கட்டும். இருபது வெள்ளிக்குள் ஒரு ஈரப்பதமானி வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஊகிக்கத் தேவையிருக்காது. 75-க்கு மேல் காட்டினால் நான் ஸ்பிரே டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் காப்பிக்கடைக்குப் போய்விடுவேன்.

எங்கே செய்வது?

வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுத் தாழ்வாரத்திலும் புளோக் கீழ்த்தளத்திலும் ஸ்பிரே அடிக்காதீர்கள். பக்கத்து வீட்டுத் துணியில் சிவப்புப் புள்ளி விழுந்தால் உறவு போகும், புகாரும் வரும். பெட்ரோல் ஆவி மூடிய இடத்தில் தேங்குவது அதைவிடப் பெரிய ஆபத்து. துரு எடுப்பது, தேய்ப்பது, பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) வைப்பது ஆகியவற்றை நல்ல காற்றோட்டமுள்ள திறந்த இடத்தில் செய்யலாம். பெயிண்டுக்கு காக்கி புக்கிட், சின் மிங், சுங்கை காடுட் பக்கம் ஒரு பட்டறையில் பேசிப் பாருங்கள். தயாராக்கிய டேங்க்கைக் கொண்டுபோனால் தூசியில்லாத மூலையை அரைநாள் விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படி ஒரு பெயிண்டர் அண்ணன் கிடைத்தார். டேங்க்கை வாங்கி முதலில் மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். "பெட்ரோல் வாசம் இருக்குதுல்ல தம்பி? அது போன பிறகு வாங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அவர் செய்தது சரி.

கழற்றுவது

பெட்ரோலை உலோகக் கேனில் வடித்துவிடுங்கள். காலி டேங்க் பாதுகாப்பானது என்று நினைக்காதீர்கள். நிறைந்த டேங்க்கைவிடக் காலி டேங்க்தான் வெடிக்கும், ஏனென்றால் எரிவது ஆவி, திரவம் இல்லை. காற்றில் ஒன்றரை விழுக்காடு பெட்ரோல் ஆவி இருந்தாலே பற்றிக்கொள்ளும். அது காற்றைவிடக் கனமானது, தரையோடு தவழ்ந்து போய்த் தூரத்திலுள்ள நெருப்பைத் தேடிப் பிடிக்கும். பவர் டூல், சிகரெட், ஹேர் டிரையர் எதுவும் இந்தக் கட்டத்தில் பக்கத்தில் வேண்டாம்.

பெட்ரோல் காக் (பெட்ரோலைத் திறந்து மூடும் குழாய்), மூடி, அடியில் உள்ள ரப்பர்கள், மிதவை, சின்னங்கள் எல்லாவற்றையும் கழற்றி, ஒவ்வொன்றையும் போட்டோ எடுத்துத் தனித்தனிப் பைகளில் போடுங்கள். பழைய சின்னத்தைப் பிடிக்கும் ஊசி உடைந்தால் மாற்று கிடைப்பது கஷ்டம். பல் குத்தும் நூலால் பின்னால் அறுத்து எடுங்கள்.

பிறகு சோதனை. காந்தத்தை ஒரு மெல்லிய துணியில் சுற்றி டேங்க் முழுக்க ஓட்டுங்கள். எங்காவது பிடி தளர்ந்தால் அடியில் முந்தைய உரிமையாளர் வைத்த கனமான பட்டி இருக்கிறது. அடுத்து, இருட்டில் டேங்க்குக்குள் விளக்கை விட்டு வெளியிலிருந்து பாருங்கள். ஊசித்துளைகள் நட்சத்திரம் போலத் தெரியும். பெரும்பாலும் அவை அடிப்பகுதியில், தகடுகளை இணைத்த தையல் ஓரத்தில்தான் வரும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் மூடி வழியாக இறங்கிய மழைத்தண்ணீர் அங்கே போய்த் தங்கி, ஆண்டுக்கணக்கில் அரிக்கிறது. கண்ணுக்குத் தப்பிய துளையைக் கண்டுபிடிக்க டேங்க்கை நன்றாகக் கழுவிய பின் எல்லா ஓட்டைகளையும் அடைத்து, ஒரு குழாய் வழியாக வாயால் மட்டும் ஊதி, வெளியே சோப்பு நுரை தடவிப் பாருங்கள். கம்ப்ரசரை இணைக்காதீர்கள். சில பிஎஸ்ஐ அழுத்தத்திலேயே டேங்க் பலூன் போல உப்பி, வடிவம் கெட்டுவிடும்.

உள்துரு எடுப்பது

இந்த வேலைக்குத்தான் அதிக நேரம் கொடுங்கள்.

முதலில் பாத்திரம் கழுவும் திரவமும் சூடான தண்ணீரும் ஊற்றி, மூன்று நான்கு முறை குலுக்கிக் கொட்டுங்கள். பழைய பெட்ரோல் காய்ந்து பிசின் போல ஒட்டியிருந்தால் அமிலம் துருவைத் தொடவே தொடாது, அதனால் இந்தக் கழுவலைத் தாண்டிவிடாதீர்கள். பிசின் அடர்த்தியாக இருந்தால் அசிட்டோன் ஊற்றிச் சில மணி நேரம் ஊறவையுங்கள். கையுறை போட்டு, திறந்த வெளியில்.

பிறகு ஒட்டியிருக்கும் துருவை உடைக்க வேண்டும். மெல்லிய இரும்புச் சங்கிலி ஒரு மீட்டர், கொஞ்சம் தண்ணீர், டேங்க்கைச் சுற்றி இரண்டு பழைய துண்டு. பத்து நிமிடம் குலுக்கினால் தோள் வலிக்கும், ஆனால் செதில்கள் கொட்டும். நட்டு போட்டுக் குலுக்குபவர்களும் உண்டு. எத்தனை போட்டீர்கள் என்று எண்ணி வையுங்கள். சங்கிலி ஒரே இழுப்பில் வெளியே வந்துவிடும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும்.

அமிலத்துக்கு என் தேர்வு எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். பேக்கரிப் பொருள்கள் விற்கும் கடையில் மலிவாகக் கிடைக்கும். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 60 முதல் 80 கிராம். டேங்க் முழுக்க நிரப்ப வேண்டும், அரைகுறையாக ஊற்றினால் மேல்கூரைத் துரு அப்படியே இருக்கும். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை பார்த்து, 24 மணி நேரத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். வினிகரும் வேலை செய்யும், ஆனால் மெதுவாக. பித்தளைக் குடத்தைப் புளியால் தேய்க்கும் நம் வீட்டுப் பழக்கமும் இதே அமில வேலைதான், அதற்காகப் புளியை டேங்க்குக்குள் கரைக்காதீர்கள், நாரை எடுக்க ஆயுள் போதாது. கழிவறை சுத்தம் செய்யும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். அரைமணியில் பளபளப்பாக்கும், கூடவே மெல்லிய இடத்தில் இரும்பையும் தின்று, இல்லாத துளையை உண்டாக்கும்.

மூன்று எச்சரிக்கைகள். பழைய பெட்ரோல் காக்கை அடைப்பாகப் பயன்படுத்தாதீர்கள், அமிலம் அதன் உடலை அரிக்கும். ரப்பர் தாளும் ஒரு இரும்புத் தகடும் வைத்து போல்ட்டால் மூடுங்கள். மேல் மூடியை இறுக்கமாக அடைக்காதீர்கள். அமிலம் இரும்போடு சேரும்போது ஹைட்ரஜன் வரும், அது வெளியேற வழி வேண்டும். மூன்றாவது, வெளிப்பக்கம் குரோம் இருந்தால் வழிந்ததை உடனே கழுவுங்கள்.

சாம்பல் நிறத்தில் சுத்தமான இரும்பு தெரிந்ததும் கொட்டிவிட்டு, ஒரு லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்த தண்ணீரால் குலுக்குங்கள். நுரை நிற்கும்வரை. பிறகு நல்ல தண்ணீர், இரண்டு தடவை. கொட்டிய அமிலத்திலும் சோடாவைச் சேர்த்து அடக்குங்கள். எந்தக் கழிவையும் வெளிக் கால்வாயில் ஊற்றாதீர்கள். இங்கே பெரும்பாலான மழைநீர்க் கால்வாய்களின் தண்ணீர் நீர்த்தேக்கங்களுக்குப் போகிறது, அது நம் குழாயிலேயே திரும்பி வரும். பழைய பெட்ரோலைப் பட்டறையில் கேட்டுப் பார்த்து ஒப்படைப்பது நல்லது.

இப்போது ஓட்டம். கழுவிய அடுத்த நிமிடமே மஞ்சள் துரு வரத் தொடங்கும். முடிந்தவரை வடித்துவிட்டு, கால் லிட்டர் ஐசோபுரப்பைல் ஆல்கஹாலை ஊற்றி எல்லாப் பக்கமும் புரட்டி வடியுங்கள். அது தண்ணீரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு வரும். ஆல்கஹால் வாசம் முழுக்கப் போகும்வரை திறந்து வையுங்கள். வாசம் போன பிறகுதான் சூடான காற்று அடிக்கலாம், அதற்கு முன் ஹேர் டிரையர் வைத்தால் தீப்பிடிக்கும். மதிய வெயிலில் வாய் கீழே பார்க்க வைத்தால் டேங்க்கே கை பொறுக்காத சூடாகும், வேலை முடியும். மெல்லிய மஞ்சள் படலம் மிஞ்சினால் கவலை வேண்டாம்.

டேங்க்கில் துளை இல்லையா? அப்படியானால் உள்பூச்சு போடாதீர்கள். 100 மில்லி 2டி எண்ணெய் (டூ ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெய்) ஊற்றிப் புரட்டி வைத்தால் பெயிண்ட் வேலை முடியும்வரை துரு வராது. ஆர்எக்ஸ்இசட் டூ ஸ்ட்ரோக்தானே, பெட்ரோலில் எண்ணெய் கலந்திருக்குமே, அது காப்பாற்றாதா என்று பலர் கேட்பார்கள். யமஹாவின் ஆட்டோலூப்பில் எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து இன்ஜினுக்கு நேராகப் போகிறது, டேங்க் வழியாக அல்ல. கையால் எண்ணெய் கலந்து ஊற்றிய பழைய வண்டிகளுக்குக் கிடைத்த அந்த எண்ணெய்ப் படலம் நமக்கு இல்லை.

ஊசித்துளை இருந்தால் மட்டும் உள்பூச்சு. இரண்டு வகை: இரண்டு பாகம் கலக்கும் எபாக்ஸி, காற்றின் ஈரத்தால் இறுகும் யூரித்தேன். எதுவானாலும் உள்ளே எண்ணெயோ ஈரமோ இருந்தால் ஆறு மாதத்தில் தோலாக உரிந்து பெட்ரோல் காக்கை அடைக்கும். எல்லாப் பக்கமும் பரவும்படி மெதுவாகத் திருப்பி, அதிகப்படியை முழுக்க வடித்து, நான்கு நாள் காய விடுங்கள். காக் துளையிலும் மூடித் திருகிலும் ஒழுகியதை இறுகும் முன் துடையுங்கள். இந்த வேலை பெயிண்டுக்கு முன்தான் நடக்க வேண்டும். சிந்தினால் உங்கள் புதுப் பெயிண்டிலிருந்து அதை எடுக்க முடியாது. துளை பெரிது, தையலே விட்டிருக்கிறது என்றால் வெல்டரிடம் போங்கள். பழைய டேங்க்குக்கு நெருப்பு வைப்பது அனுபவசாலி வேலை.

வெளிப்புறம்: தேய்ப்பதும் நிரப்புவதும்

பழைய பெயிண்டை ஜெல் ரிமூவர் போட்டு எடுங்கள், மீதியை 80 கிரிட் (சொரசொரப்பு எண்) உப்புத்தாளால். முகமூடி கட்டாயம், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். 80-இலிருந்து 180, 320 என்று படிப்படியாக மென்மையான தாளுக்கு மாறுங்கள். ஒரு படியைத் தாண்டினால் முந்தைய கீறல் கடைசியில் கிளியருக்கு அடியிலிருந்து எட்டிப் பார்க்கும்.

வெறும் இரும்பாக்கிய அன்றே எபாக்ஸி பிரைமர் (அடிப்பூச்சு) அடித்துவிடுங்கள். "நாளைக்கு" என்று வைத்தால் காலையில் மறுபடி தேய்க்க வேண்டியிருக்கும். பிரைமருக்கு முன் எண்ணெய் நீக்கும் திரவத்தால் ஒரு துணியால் துடைத்து, அது உலர்வதற்குள் இன்னொரு சுத்தத் துணியால் எடுங்கள். அதன் பிறகு வெறும் விரல் படக்கூடாது. மண்ணெண்ணெய் வேண்டாம், படலம் விட்டுச் செல்லும்.

பட்டியை எபாக்ஸி பிரைமர் மேல், கொஞ்சம் சுரண்டிவிட்டு வைக்கிறேன். பாலியெஸ்டர் பட்டி பஞ்சு போல ஈரத்தை உறிஞ்சும், வெறும் இரும்பின் மேல் வைத்தால் உறிஞ்சிய ஈரம் நேராக இரும்பில்தான் உட்காரும். எட்ச் பிரைமர் எனப்படும் அமில பிரைமரின் மேல் பட்டி ஒழுங்காக இறுகாது, இரண்டையும் சேர்க்காதீர்கள். ஹார்டனர் (பட்டியை இறுகவைக்கும் பொருள்) அளவு ஏறக்குறைய 2 விழுக்காடு, எலுமிச்சை அளவு பட்டிக்குப் பட்டாணி அளவு. நம் வெக்கையில் ஐந்தாறு நிமிடத்தில் கல்லாகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். 3 மில்லிமீட்டருக்கு மேல் கனம் வேண்டாம். அதைவிட ஆழமான குழியைப் பசைவைத்து இழுக்கும் கருவியால் முதலில் கொஞ்சம் மேலே கொண்டுவாருங்கள்.

பட்டியைத் தண்ணீர் போட்டுத் தேய்க்காதீர்கள்! ஊர் பழக்கத்தில் எல்லோரும் தண்ணீர்த் தாளைத்தான் எடுப்பார்கள். உலர்வாகத் தேயுங்கள். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையை மேலே ஓட்டினால் மேடு பள்ளம் தெரியும், கண் ஏமாறும், கை ஏமாறாது. பிறகு இரண்டு, மூன்று கோட் ஹை பில்ட் (தடிமனாகப் படியும்) பிரைமர். அதன் மேல் கறுப்பு ஸ்பிரேயைத் தூரத்திலிருந்து மழைத்தூறல் போல லேசாகத் தூவி, 400, 600 தாளால் தேயுங்கள். கறுப்பு மிஞ்சும் இடம் பள்ளம். பட்டி முழுவதும் பிரைமரால் மூடிய பிறகு இந்தக் கட்டத்தில் தண்ணீர் பயன்படுத்தலாம்.

பெயிண்ட்

நிறத்தை மாற்றுகிறீர்கள் என்றால் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் பதிவிலும் நிறத்தை மாற்ற வேண்டும். பழைய நிறத்திலேயே வைத்தால் வேலை மிச்சம். முதல்முறை செய்பவர் திட நிறத்தை எடுங்கள். கேண்டி சிவப்பு மாதிரி வெள்ளிப் பூச்சின் மேல் ஒளி ஊடுருவும் நிறம் ஏற்றுபவை அழகுதான், ஆனால் கை ஒரே மாதிரி ஓடாவிட்டால் இடத்துக்கு இடம் வேறு நிறமாகும். ஓரிடத்தில் கீறினால் ஒட்டுப்போடவும் முடியாது.

டப்பாவை 20 முதல் 25 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, டேங்க்குக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, வெளியே போய் விடுங்கள். முதல் கோட் மூடவேண்டிய அவசியமில்லை, அடியில் பிரைமர் தெரியட்டும். நான்கு மெல்லிய கோட், நடுவே 15 நிமிடம், ஈரமான நாளில் 25. அவசரப்பட்டு ஒரே கோட்டில் மூட நினைத்தவர்கள் அத்தனை பேருக்கும் ஒழுகல்தான் மிச்சம். வெளுப்பு விழுந்தால் பதற வேண்டாம். வெயில் சூடான மதியத்தில் ஒரு மெல்லிய கோட் மறுபடி அடித்தால் பெரும்பாலும் மறையும்.

ஸ்டிக்கர் நிறத்துக்கு மேல், கிளியருக்கு அடியில் வரும். சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, நடுவிலிருந்து வெளியே தள்ளி, ஒரு நாள் முழுக்க ஈரம் போக விடுங்கள்.

கிளியர்தான் நான் முதல் தடவை தோற்ற இடம். சாதாரண ஒரு பாகக் கிளியர் கரைப்பான் ஆவியாகிக் காய்கிறது, அவ்வளவுதான். பெட்ரோல் பட்டால் மறுபடி கரையும். ஹார்டனர் கலந்த 2கே (இரண்டு பாக) கிளியர் வேதிமாற்றத்தில் இறுகுவது, முழுக்க இறுகிய பிறகு பெட்ரோல் பட்டால் எளிதில் கரையாது. டப்பாவின் அடியில் உள்ள பொத்தானை அழுத்தி உள்ளேயே கலக்கும் வகை கிடைக்கிறது. அழுத்திய பிறகு ஒன்றிரண்டு நாளில் வீணாகிவிடும், அதனால் எல்லாம் தயாரான பிறகே அழுத்துங்கள். இதில் ஐசோசயனேட் உள்ளது. அது நுரையீரலைக் கெடுத்து ஆஸ்துமாவை வரவழைக்கக்கூடியது, துணி முகமூடியும் மருத்துவ முகமூடியும் பயனில்லை. ஆர்கானிக் ஆவி வடிகட்டியுள்ள ரெஸ்பிரேட்டர், கண்ணாடி, கையுறை மூன்றும் இல்லையென்றால் கிளியர் கோட்டை மட்டுமாவது பட்டறையில் கொடுத்துவிடுங்கள். நானும் கடைசியில் அந்த அண்ணனிடம்தான் கொடுத்தேன்.

ஸ்டிக்கர் மேல் முதல் இரண்டு கோட் தூறலாக, பிறகு இரண்டு கோட் நனைய நனைய. முதலிலேயே நனைத்தால் ஸ்டிக்கர் ஓரம் சுருங்கும். மூடியின் கழுத்துப் பகுதிக்குள்ளும் கிளியர் போக வேண்டும். பெட்ரோல் முதலில் நுழைவது அந்த ஓரத்தில்தான், அங்கே விளிம்பு திறந்திருந்தால் அடியிலிருந்து தூக்கும்.

ஒரு வாரம் தொடாதீர்கள். பிறகு 1500, 2000, 2500 தாள்களால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, பாலிஷ் கலவையால் மெருகேற்றுங்கள். விளிம்புகளில் கிளியர் மெல்லியதாக இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தேயுங்கள். மெழுகு ஒரு மாதம் கழித்து.

மாட்டுவது

பெட்ரோல் காக்குக்குப் புது ஓரிங், புது வடிகட்டி. பெட்ரோல் குழாயில் கூடுதலாக ஒரு வடிகட்டி வைத்தால் மிச்சமிருக்கும் தூள் கார்புரேட்டருக்குப் போகாது. மூடியில் உள்ள காற்றுத் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அது அடைத்திருந்தால் பத்து நிமிடம் ஓடிய வண்டி பெட்ரோல் இல்லாதது போல நின்றுவிடும், நீங்கள் கார்புரேட்டரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். 2டி எண்ணெய் ஊற்றி வைத்திருந்தால் அதை வடித்து, கொஞ்சம் பெட்ரோலால் அலசுங்கள்.

வண்டியில் ஏற்றும் முன் டேங்க்கில் இரண்டு லிட்டர் மட்டும் ஊற்றி, திறந்த இடத்தில் பழைய செய்தித்தாள் மேல் சில மணி நேரம் வையுங்கள். தாளில் கறை இல்லையென்றால் மாட்டலாம்.

அப்புறம், மாதக்கணக்கில் ஓட்டாமல் பலமாடிக் கார்நிறுத்தத்தில் நிறுத்துவதாக இருந்தால் டேங்க்கை விளிம்புவரை நிரப்பி நிறுத்துங்கள். பாதி டேங்க்கில் மீதி இடம் முழுக்க ஈரக்காற்றுதான், அது இரவில் குளிர்ந்து கூரையில் சொட்டுச் சொட்டாகப் படியும். என் டேங்க்கை நிரப்பப் போனபோது நாஸிலை எடுக்கையில் வழக்கம்போல மூடி ஓரத்தில் கொஞ்சம் வழிந்தது. துணியால் துடைத்தேன். துணியில் பெட்ரோல் மட்டும்தான் இருந்தது.